கொம்பிரஸர் வாங்க முன் ஓர் இரவு பொறுங்கள்

வியாபாரம் ஓரளவு கையில் நின்றதும் நம்மவர்கள் முதலில் மாற்றுவது வாகனத்தைத்தான். வேனில் சாமான் ஏற்றித் திரிந்தவர் ஒரு ஜீப் எடுக்க ஆசைப்படுகிறார். அதில் நான் குறை காணவில்லை. 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டுக்குள் ஏற்கனவே இருந்தவைதான் கை மாறிக் கை மாறி ஓடின. பதினைந்து, இருபது வயதான சொகுசு ஜீப்புகள் பல அப்படித்தான் நடுத்தர வியாபாரிகளிடம் வந்து சேர்ந்தன. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். எஞ்சினும் நன்றாகவே ஓடும். ஆனால் ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் வாகனம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். சாவியைப் போட்டால் ‘சஸ்பென்ஷன் கோளாறு’ என்று மஞ்சள் லைட் எரியும். அன்றிலிருந்து செலவு தொடங்குகிறது.

நான் மெக்கானிக் அல்ல. உதிரிப்பாகம் விற்பவன். எயார் சஸ்பென்ஷன் கொம்பிரஸரும் விற்கிறேன். கொம்பிரஸர் கேட்டு வருகின்ற பலரிடம் நான் முதலில் கேட்பது, “கசிவு பார்த்தீர்களா?” என்றுதான். அநேகமானோர் பார்த்திருக்க மாட்டார்கள். ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பதை விளக்கத்தான் இந்த வாரப் பகுதியை ஒதுக்குகிறேன்.

அக்குறணையில் புடவைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இந்த வகை ஜீப் ஒன்றை லீசிங்கில் எடுத்திருந்தார். சஸ்பென்ஷன் லைட் எரிந்தது. கொழும்பில் ஒரு கராஜில் காட்டினார். ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிட்டு, கொம்பிரஸர் போய்விட்டது என்று புதிது போட்டுக் கொடுத்தார்கள். ஐந்து மாதம் நன்றாக ஓடியது. பிறகு அதே லைட், அதே எழுத்து. திரும்பக் கொண்டுபோனபோது, வந்த சாமான் சரியில்லை, இன்னொன்று போடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் எனக்குப் போன் எடுத்தது அந்த இரண்டாவது கொம்பிரஸரை என்னிடம் மலிவாக வாங்கலாமா என்று கேட்கத்தான். “நானா, பெருநாள் சரக்கு எடுக்க வைத்த காசு இது. இதை எடுத்து இதற்குள் போட்டால் சீசனுக்குக் கடை காலியாக நிற்கும்” என்றார். கொஞ்சம் பொறுங்கள், காசு செலவில்லாத ஒரு சோதனையை முதலில் செய்வோம் என்றேன்.

சோதனையைச் சொல்வதற்கு முன் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். விளக்கத்துக்கு லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 ஐ எடுத்துக்கொள்கிறேன். 2004 இல் வெளிவந்தது. 2005 இல் வந்த ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட்டும், 2009 இல் வந்த டிஸ்கவரி 4 உம் பெரும்பாலும் இதே ஒழுங்கைத்தான் கொண்டவை. நான்கு சக்கரத்திலும் இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்று நிரம்பிய இறப்பர் பைகள். வாகனத்தின் அடியில் இடப்பக்கமாக, பின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு கவருக்குள் கொம்பிரஸர். அது காற்றை உறிஞ்சி, டிரையர் வழியாக ஈரத்தை எடுத்து, ஒரு தொட்டியில் சேமிக்கிறது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, தொட்டிக்கு ஒன்று என மூன்று வால்வுப் பெட்டிகள். ஒவ்வொரு சக்கரத்திலும் உயரம் பார்க்கும் சென்ஸர் ஒன்று. இவை எல்லாவற்றையும் ஒரு கொம்பியூட்டர் ஆளுகிறது. ஏறி இறங்க வசதியாக வாகனம் சுமார் 50 மி.மீ. தாழும். கரடுமுரடான பாதையில் சுமார் 55 மி.மீ. உயரும்.

இதில் நினைவில் வைக்க வேண்டிய விடயம் கொம்பிரஸரின் சுபாவம். கொஞ்ச நேரம் ஓடி, தொட்டியை நிரப்பி, ஓய்வெடுக்கவே அது செய்யப்பட்டிருக்கிறது. கடையில் ஐஸ் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கதவு இறப்பர் கிழிந்து குளிர் வெளியே போனால் மோட்டார் ஓய்வில்லாமல் ஓடி எரிந்துபோகும். மோட்டாரை மாற்றிவிட்டுக் கதவு இறப்பரை அப்படியே விட்டால் புதிய மோட்டாரும் அதே வழியில்தான் போகும். இங்கும் அப்படியே. எங்கோ ஒரு பையில் நுண்ணிய வெடிப்பு. இரவில் காற்று போகிறது, காலையில் கொம்பிரஸர் நிரப்புகிறது. ஓடும்போதும் நிரப்பிக்கொண்டே இருக்கிறது. சூடேறுகிறது, உள்ளே பிஸ்டன் வளையம் தேய்கிறது. ஒரு கட்டத்தில் கொம்பியூட்டர் ‘சி1ஏ20’ என்ற குறியீட்டைப் பதிகிறது. தொட்டியை நிரப்பும்போது அழுத்தம் மிக மெதுவாகக் கூடுகிறது என்பதுதான் அதன் பொருள். கொம்பிரஸர் பழுது என்று அது சொல்லவில்லை. கசிவு இருந்தாலும் அதே குறியீடு வரும். காற்று எடுக்கும் பில்டர் அடைபட்டாலும் வரும். கொம்பிரஸருக்குப் போகும் மின்சாரம் குறைந்தாலும் வரும். ஸ்கேன் தாளில் இருக்கும் அந்த ஒரு வரியை வைத்துப் பெரிய பில் போடுகிறவர்களிடம் கவனமாக இருங்கள்.

முதலில் மலிவான காரணங்களை ஒதுக்கிவிட வேண்டும். கதவு திறந்திருந்தால் இந்த வாகனங்கள் உயரத்தை மாற்றாது. பிள்ளைகள் பின்கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டதற்கே கராஜ் போனவர் உண்டு. பெட்டரி பலவீனமானால் பல லைட்டுகள் ஒன்றாக எரியும். அப்போது பெட்டரியை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இன்னொன்று பிரேக் மிதிக்கு மேலே இருக்கும் பிரேக் லைட் சுவிட்ச். மிகச் சிறிய சாமான், மலிவானது. அது பிழைத்தால் பள்ளத்தில் இறங்கும் கட்டுப்பாடு, விசேட ஓட்ட முறைகள், சஸ்பென்ஷன் என்று சம்பந்தமில்லாததுபோல் தோன்றும் எல்லாமே முறையிடும். வாகனம் சாயவில்லை, தாழவில்லை, ஆனால் லைட்டுகள் மட்டும் கூட்டமாக வருகின்றன என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்து, கோளாறு எப்போது வருகிறது என்று கவனியுங்கள். நின்றிருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால் காற்று போகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென ஒரு மூலை எழும்பினாலோ தாழ்ந்தாலோ, பள்ளத்தில் விழுந்ததும் லைட் வந்தாலோ, சென்ஸரையோ அதன் வயரையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சென்ஸரைச் சக்கரத்தோடு இணைக்கும் சிறு தண்டு உடைவதும், சேறும் உப்புக் காற்றும் பட்டு வயர் முனையில் பாசி பிடிப்பதும் நம் நாட்டில் சாதாரணம். லைட்டின் நிறத்தையும் பாருங்கள். மஞ்சள் என்றால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். சிவப்பு என்றால் பாரதூரமானது. திரையில் மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் போகாதே என்ற அறிவித்தலும் வரலாம். அதை மதியுங்கள்.

இனி அந்த ஓர் இரவுச் சோதனை. இந்தக் கொம்பியூட்டர் வாகனம் நிறுத்தப்பட்ட பிறகும் இடைக்கிடை விழித்து உயரத்தைப் பார்க்கும். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் மற்ற மூன்றிலும் காற்றை விட்டு அந்த மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். வாகனம் சாய்ந்து நிற்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் குறையைத் தேடுகிறவருக்கு இதனால்தான் குழப்பம். ஒரேயொரு பை கசிந்தாலும் காலையில் நான்கு மூலையும் இறங்கி நிற்கும். அதைப் பார்த்துவிட்டு நான்கு பையும் போய்விட்டது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, சாதாரண உயரத்துக்குக் கொண்டுவந்து, எஞ்சினை நிறுத்தி, ஆறவிடுங்கள். ஓடி வந்த சூட்டில் பைக்குள் இருக்கும் காற்று குளிரும்போது எல்லா மூலையும் சற்று இறங்குவது இயல்பு. ஆறிய பிறகு, சஸ்பென்ஷன் கொம்பியூட்டருக்குரிய பியூஸைக் கழற்றிவிடுங்கள். எது என்று வாகனத்தின் கைநூலில் இருக்கும். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மேலே மட்காட் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதி வையுங்கள். டயரின் அடியிலிருந்து அளக்க வேண்டாம். டயர் காற்றுக் குறைந்தால் கணக்குப் பிழைக்கும். காலையில் எவரும் வாகனத்தில் ஏறுவதற்கு முன் மீண்டும் அளக்க வேண்டும்.

நண்பர் இஷாவுக்குப் பிறகு அளந்தார். சுபஹுக்குப் பிறகு அளந்தார். மூன்று மூலைகளில் வித்தியாசம் இரண்டு, மூன்று மில்லிமீற்றர்தான். முன் இடப்பக்கம் 38 மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. புடவை அளக்கும் டேப்பால் எடுத்த அளவு. கராஜின் ஸ்கேன் கருவி சொல்லாததை அது சொல்லிவிட்டது.

ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்தப் பை, அதன் குழாய், குழாய் பொருந்தும் இடம், அல்லது வால்வுப் பெட்டியில் அந்த மூலைக்குரிய வால்வு. ஒரே அச்சின் இரு பக்கமும் சமமாக இறங்கினால் அந்த அச்சின் வால்வுப் பெட்டியைப் பாருங்கள். நான்கும் அசையாமல் நின்று, ஆனால் காலையில் உயர்வதற்கு மட்டும் வழமையை விட நேரம் எடுத்தால் தொட்டியையும் அதன் வால்வையும் பார்க்க வேண்டும். கொம்பிரஸர் தளர்ந்திருக்கவும் கூடும்.

மூலை தெரிந்த பிறகு சவர்க்கார நீர். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து தெளிப்பு போத்தலில் எடுத்துக்கொண்டால் போதும். பியூஸைத் திரும்பப் போட்டு, வாகனத்தை அதன் உயர்ந்த நிலைக்கு ஏற்றிவிட்டுத் தெளிக்க வேண்டும். பை மடிந்து உருளும் இடத்தில்தான் இறப்பர் வெடிக்கும். தாழ்ந்த நிலையில் அந்த மடிப்பு மூடிக்கொண்டு வெடிப்பை மறைத்துவிடும். சில மெக்கானிக்மார் தெளித்துப் பார்த்தும் ஒன்றுமில்லை என்று சொல்வது இதனால்தான். நண்பரின் ஜீப்பில் தாழ்ந்த நிலையில் ஒரு குமிழியும் இல்லை. உயர்த்தியதும் மடிப்பின் உட்பக்கத்தில் நுரை பொங்கியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. காற்றை மட்டும் நம்பி வாகனத்தின் அடியில் போகாதீர்கள், கையையும் நுழைக்காதீர்கள். அது எந்த நேரமும் தானாக இறங்கலாம். ஜக் அடித்து, தாங்கி வைத்து, அதன் பிறகே கீழே பாருங்கள். குழாயைக் கழற்றுவதானால் முதலில் முறையாகக் காற்றை வெளியேற்ற வேண்டும். உள்ளே இருப்பது டயர் காற்றைப் போலப் பல மடங்கு அழுத்தம். இதைத் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது. சோதனை உங்களுடையது, ஸ்பேனர் அவருடையது.

கசிவை மூடிய பிறகுதான் கொம்பிரஸரின் முறை. அப்போதும் முதலில் ரிலேயைப் பார்க்க வேண்டும். பொனட்டின் கீழுள்ள பியூஸ் பெட்டியில் இருக்கும் சிறு சதுரம். அதன் உட்புறத் தொடுமுனைகள் சூட்டில் ஒட்டிக்கொண்டால் கொம்பியூட்டர் நிறுத்தச் சொன்னாலும் கொம்பிரஸர் நிற்காது; எரியும் வரை ஓடும், பெட்டரியையும் குடிக்கும். கொம்பிரஸர் மாற்றும்போது ரிலேயை மாற்றாமல் விடுவது சரியான வேலையல்ல. டிரையரும் அப்படித்தான். எப்போதும் ஈரமான காற்றுள்ள நாடு இது. உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் நனைந்து, பொடியாகி, வெள்ளைத் தூளாக வால்வுகளுக்குள் போய் அடைக்கும். குளிர் நாட்டவர்கள் வால்வில் பனி உறைவதைப் பற்றி நிறையப் பேசுவார்கள். நமக்கு அது பொருந்தாது. ஆனால் துருவும் பாசியும் நமக்குத் தாராளமாகவே உண்டு.

இவ்வளவும் சரியாக இருந்தும் தொட்டி மெதுவாகவே நிரம்பினால் கொம்பிரஸர் உண்மையிலேயே தேய்ந்துவிட்டது. வாங்குங்கள். டிஸ்கவரி 3 இல் ஆரம்பத்தில் வந்தது ஹிட்டாச்சி வகை. அதற்குப் பதிலாக இப்போது பெரும்பாலும் போடப்படுவது ஏ.எம்.கே. வகை. ஹிட்டாச்சியைக் கழற்றி ஏ.எம்.கே. போட்டால் சஸ்பென்ஷன் கொம்பியூட்டரின் மென்பொருளையும் அதற்கேற்பப் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய கொம்பிரஸரையே அது கோளாறு என்று பதியும். என்னிடம் வாங்கிப்போய், சாமான் பிழை என்று திரும்பக் கொண்டுவந்தவர்களில் சிலருக்கு உண்மையில் நடந்தது இதுதான். மென்பொருள் மாற்றுவதற்கும், சென்ஸர் மாற்றியபின் உயரத்தைச் சரிபார்த்துப் பதிவதற்கும் அந்த வாகனத்துக்குரிய கருவி வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண ஸ்கேன் கருவிகளில் பல எஞ்சின் குறியீட்டை மட்டும் வாசிக்கும், சஸ்பென்ஷனை எட்டியும் பார்க்காது. கராஜைத் தெரிவு செய்யும்போது அந்தக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள்.

நண்பரின் கணக்குக்கு வருவோம். முதல் தடவை கொம்பிரஸருக்கும் கூலிக்கும் கொடுத்ததை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் இடப்பக்கப் பை, ரிலே, டிரையர் மணிகள், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாம் தடவை முடிந்தது 40 க்குள். ஐந்து மாதக் கொம்பிரஸர் நல்லவேளையாக இன்னும் சாகவில்லை. கசிவை மூடியதும் தொட்டி ஒழுங்காக நிரம்பியது. அவர் இரண்டாவது கொம்பிரஸர் வாங்கியிருந்தால் இன்னொரு 100 போயிருக்கும், பை வெடித்தபடியே இருந்திருக்கும். எனக்கு ஒரு வியாபாரம் போனது உண்மைதான். ஆனால் அவருடைய கடையில் பெருநாளுக்குச் சரக்கு இருந்தது.

பை வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. பஞ்சிகாவத்தையில் பாவித்த கண்ணாடி வாங்கலாம், லைட் வாங்கலாம், கதவும் வாங்கலாம். பாவித்த காற்றுப் பை மட்டும் வேண்டாம். இறப்பருக்கு வயதுதான் வியாதி. கழற்றி எடுத்த வாகனத்துக்கும் உங்கள் வாகனத்தின் வயதுதானே? புதிய பையாக இருந்தாலும் உற்பத்தித் திகதியைப் பாருங்கள். ஒரு பக்கம் வெடித்திருந்தால் மறுபக்கமும் அதே வயதுதான். வசதியுள்ளவர்கள் சோடியாக மாற்றுவது நல்லது. வசதியில்லாதவர் மறுபக்கத்தை மாதமொரு முறை அளந்துகொண்டிருக்கலாம்.

இரும்புச் சுருளுக்கு மாற்றிவிடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அதற்குரிய தொகுதிகள் கிடைக்கின்றன. தாங்கவே முடியாதவருக்கு அது ஒரு வழி. ஆனால் உயரம் மாற்றும் வசதி போய்விடும்; அதை நம்பி இயங்கும் மற்ற முறைகளுக்கும் சமாதானம் செய்ய வேண்டிவரும். விற்கும்போது வாங்குபவர் விலையைக் குறைப்பார். பை ஒன்று வெடித்ததற்காக அந்த முடிவுக்குப் போவது அவசரம் என்பது என் கருத்து.

புதிதாக வாங்கப்போகிறவர்கள், வாகனம் பார்க்க அதிகாலையில் போங்கள். விற்பவர் ஸ்டார்ட் பண்ணும் முன்னரே போய்ச் சேருங்கள். பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே உயர்த்தி வைக்கப்பட்டிருக்கலாம். சாவியைப் போட்டதும் சஸ்பென்ஷன் லைட் ஒரு கணம் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். எல்லா உயரங்களுக்கும் ஏற்றி இறக்கச் சொல்லி நேரம் பாருங்கள். முடிந்தால் ஓர் இரவு உங்கள் வீட்டு வாசலில் நிறுத்திப் பார்க்கக் கேளுங்கள். விற்கின்ற நம் சகோதரர்களும் பியூஸைக் கழற்றிவைத்து ஒரு நாளைக்கு உயரமாகக் காட்டும் வேலையில் இறங்க வேண்டாம். பை ஒன்று போய்விட்டது, அதற்கான விலையைக் கழித்துத் தருகிறேன் என்று சொன்னால் வியாபாரம் நின்றுவிடாது.

டொயோட்டா வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பிராடோ 120 இன் சில தரங்களில் பின்னுக்கு மட்டும் காற்றுப் பை உண்டு. சவர்க்கார நீர் அதற்கும் பொருந்தும். உயரம் மாற்றும் லேண்ட் குரூசர் 100 இல் வேலை செய்வது காற்றல்ல, எண்ணெய். அங்கே பொனட்டின் கீழுள்ள எண்ணெய்த் தொட்டியின் மட்டம், வாகனம் உயர்ந்திருக்கும்போதும் தாழ்ந்திருக்கும்போதும் எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதை இன்ஷா அல்லாஹ் இன்னொரு வாரம் தனியாக எழுதுகிறேன்.